கையுறையைக் கிழித்தவள்

ஓசூரில் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கும் குலோத்துங்கனுக்கு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. அதனால் வேலை தெரிந்த கையுறைகளை வாங்கினார். மாட்டிக்கொண்டால் போதும், விரல்கள் தாமாகவே ஒயரைச் சீவி, இணைத்து, ஸ்க்ரூவை முடுக்கிவிடும்.

மாட்டிக்கொள்ள வந்தவள் பூங்காவனம். தன்னைப் பயிற்சிக்கு அனுப்பும்படி இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள்.

"கைக்குத்தான் எல்லாம் தெரியுதே, உனக்கு எதுக்கும்மா தெரியணும்?" என்று சிரித்தார் குலோத்துங்கன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதை அவள் விட்டுவிட்டாள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. ஏணிமேல் நின்றிருந்த, கூட வேலை பார்க்கும் இப்ராகிம் அண்ணனைக் கரண்ட் பிடித்துக்கொண்டது. பூங்காவனம் மெயின் சுவிட்சை அணைக்க ஓடப் பார்த்தாள். வலது கை வரவில்லை. பாதி முடுக்கிய ஸ்க்ரூவை முடிக்காமல் கையுறை விடாது. குனிந்து மணிக்கட்டருகே அதைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வெறுங்கையால் போய் மெயினை இறக்கினாள். சரிந்து விழுந்தவருக்கு மூச்சு இருந்தது.

குலோத்துங்கன் ஓடி வந்தார். கீழே கிடந்த கையுறையை எடுத்து, பிய்ந்த இடத்தைத் தடவினார்.

"இதைக் கிழிச்சது யாரு?"

இப்ராகிமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த பூங்காவனம் திரும்பினாள். இந்த மனுஷனிடம் கோபப்படுவதே அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் சார். இனிமே அதை நீங்களே மாட்டிக்குங்க. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும். பக்கத்துல ஆள் சாகறது அதுக்கும் தெரியாது."