ஜாரா நிலைக்கால்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் இரண்டு முழங்கால்களும் முடங்கிப் போகட்டும். அவற்றில் ஒன்று ஆஸ்பத்திரியில் வைத்த உலோகம் என்பது இங்கே முக்கியமில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரியில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது, சமையலறைக் கதவின் ஜாரா மர நிலைக்காலை மட்டும் கழற்றி வந்தேன். எங்கள் மகள் பிரைடியின் உயரத்தை என் மனைவி நோரின் அதில்தான் பென்சிலால் குறித்துவந்தாள். ஆறு வயதுக் கோட்டுக்கு மேலே எதுவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பிரைடி இறந்துபோனாள்.

"என்னால அதைப் பாக்க முடியல கிளாரி. இழைச்சு அலமாரிப் பலகை ஆக்கிடு," என்றாள் நோரின்.

கடையில் இருந்ததிலேயே மலிவான இழைப்பு மெஷினைக் காட்டினேன். கடைக்கார டெஸ் சிரித்தான்.

"கஞ்சப் பயலே, ஜாரா இரும்பு மாதிரி. இது ஒரு தடவைக்கு மயிரிழைதான் எடுக்கும். பெரிசா ஒண்ணு வாங்கு."

மயிரிழையே போதும் என்று வாங்கி வந்தேன்.

முதல் தடவை விட்டதும் ஆறு வயதுக் கோடு போனது. அதற்குச் சற்று மேலே, நோரின் கையெழுத்திலேயே, ஏழு என்று இருந்தது. அடுத்த தடவை எட்டு. நோரின் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை விடு."

பதினைந்தில் பிரைடி நோரினைவிட உயர்ந்துவிட்டாள்.

"உன் அம்மா உயரம். அந்த மூக்கு வராம இருந்தா சரி," என்றாள் நோரின்.

பத்தொன்பதில் பலகை பிஸ்கட் கனத்துக்கு வந்துவிட்டது. நோரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் கிளாரி. இன்னும் இழைச்சா வீட்டை விட்டுப் போயிடுவா."

மெஷின் பெட்டிக்குள்ளேயே ஷெட்டில்தான் இருக்கிறது. டெஸ் ஒட்டிக் கொடுத்த டேப்பை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை.