தலைவரின் மூன்று கோரிக்கைகள்

"என் பொண்டாட்டி என்ன ஜெயில் கைதியா?"

பிரசவ வார்டு மேஜையில் தொழிற்சங்கத் தலைவர் ஓங்கித் தட்டினார். தலைமை நர்ஸின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

தலைவர் உட்கார்ந்து கோஷம் போடாத ஆபீஸ் வாசல் ஊரில் இல்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் தோழர் ஒருவரின் மனைவியை, பிரசவ வலி வந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் கட்டிலோடு கிடத்திவிட்டார்களாம். அந்தக் கோபத்தை இன்றைக்கென்றே சேர்த்து வைத்திருந்தார்.

"மூணே கோரிக்கை! பசிச்சா அவ சாப்பிடணும். தாகமெடுத்தா குடிக்கணும். நினைச்ச பக்கம் எழுந்து நடக்கணும். இல்லேன்னா இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்!"

"சிக்கல் இல்லாத பிரசவம் சார். லேசா சாப்பிடட்டும், குடிக்கட்டும். நடந்தா நல்லதுதான்" என்றபடி நர்ஸ் குனிந்து பேனாவை எடுத்தார்.

தலைவருக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு கோஷம்கூடப் போடாமல் வெற்றியா?

"எழுதித் தருவீங்களா?"

"எதுல, உங்க நெத்தியிலயா?"

இடுப்பைப் பிடித்தபடி நின்ற மனைவியிடம் திரும்பினார் நர்ஸ். "வலி எப்பம்மா ஆரம்பிச்சது?"

"விடியக்காலைல."

"மத்தியானம் வந்து நிக்கிறே?"

"இவர் சாப்பிட்டுக் கிளம்பட்டுமேன்னு..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? அவளுக்கு ஜூஸ் கொடுங்க!" என்று தலைவர் இடையில் புகுந்தார்.

ஜூஸ் வந்தது. மனைவி பழக்கதோஷத்தில் டம்ளரை முதலில் அவரிடம் நீட்டினாள். அவரும் பழக்கதோஷத்தில் பாதியைக் குடித்துவிட்டார்.

நர்ஸ் இன்னொரு டம்ளர் நிரப்பி அவளிடம் கொடுத்தார்.

குடித்துவிட்டு, அவள் மெல்ல வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், எங்க போறே? சொல்லிட்டுப் போ!"

நர்ஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "மூணாவது கோரிக்கை, சார்."

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். வார்டு முழுக்கக் கேட்கும்படி தலைவர் முழங்கினார்.

"பார்த்தியா? போராடி உன் உரிமையை வாங்கிக் கொடுத்துட்டேன்! நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"நாளைக்கேவா?"

"ஏன், இங்கேயே குடியிருக்கப் போறியா?"

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தாங்க பசிச்சப்போ சாப்பிட்டேன். தாகத்துக்குக் குடிச்சேன். நினைச்ச பக்கம் நடந்தேன். நம்ம வீட்டுல இந்த மூணையும் எந்த நிர்வாகத்துக்கிட்டங்க கேக்கணும்?"