வியாழக்கிழமைச் செய்தி

"இந்தக் கொம்பியூட்டரை ஒருக்காப் பழுதாக்கி விடுவீங்களோ தம்பி?"

கோகுலன் தன் காதில்தான் ஏதோ பிழை என்று நினைத்தான். மன்னார் ரவுணில் கடை போட்ட நாள்தொட்டு ஆட்கள் அவனைத் திருத்தித் தரச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பழுதாக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

கேட்டவள் றஞ்சிதம். பேசாலையில் அவள் வீட்டுக் கொம்பியூட்டரை மருமகள் பிறின்சிக்காகச் சரிப்படுத்திக் கொடுத்தவன் அவன்தான். இன்று மருமகள் ஞாயிறு பூசைக்குப் போன நேரம் பார்த்துப் போன் பண்ணி வரவழைத்திருந்தாள்.

"ஏனம்மா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை. இது இனி வேலை செய்யக்கூடாது. அவ்வளவுதான்."

கோகுலனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

றஞ்சிதத்தின் ஒரே மகன் மில்ரன், பிறின்சியின் புருஷன், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நேவி தேடியது. ஊர்ப் படகுகளும் தேடிக் களைத்தன. "எஞ்சின் நிண்டு இந்தியப் பக்கம் போயிருப்பான். பிடிச்சு மறியலில வைச்சிருப்பாங்கள்" என்று கரையில் யாரோ சொன்னார்கள்.

சிறையில் இருக்கிறான் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிறின்சி வயிற்றுப் பிள்ளையோடு கோகுலனின் கடைப் படியேறி வந்தாள். எல்லை தாண்டிப் பிடிபடுகிறவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது தமிழ்நாட்டுச் செய்தியில் காட்டுவார்கள். ஆனால் செய்தி வருகிற நேரம் அவள் நண்டுக் கொம்பனியில் வேலையில் நிற்பாள்.

"நான் இல்லாத நேரமும் அது தன்ரபாட்டில பதிவாக வேணும் அண்ணா. வந்து நிப்பாட்டி நிப்பாட்டி ஒவ்வொரு முகமாப் பாக்கோணும்."

மில்ரன் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய கொம்பியூட்டர் வீட்டில் கிடந்தது. கோகுலன் அதற்குள் ஒரு ரீவி காட் போட்டு, டிஷ் பெட்டியிலிருந்து வயர் இழுத்து, செய்தி நேரத்துக்குத் தானாகப் பதிகிற மாதிரிச் செய்து கொடுத்தான்.

"புருஷனைக் காணேல்லை, இவளுக்கு ரீவி கேக்குது" என்று அயலில் கதைத்தது அவன் காதிலும் விழுந்ததுதான். இப்போது மாமியும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் போலிருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது இந்த ஒரு நம்பிக்கை. அதையும் பறிக்கப் பாக்கிறீங்களே அம்மா. கறன்ட் பில் கூடுதெண்டோ?"

றஞ்சிதம் வாசலை ஒருதரம் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"வியாழக்கிழமை அவள் வேலையால வரமுந்தி, பதிவாகிக்கொண்டிருக்கேக்க நான் பாத்தனான் தம்பி. ராமேஸ்வரம் பக்கம் ஒரு உடம்பு கரையொதுங்கினதாம். முகத்தை மறைச்சுத்தான் காட்டினவங்கள். போட்டிருந்தது எங்கட ஊர்க் கழகத்துப் பச்சை ஜேர்சி. தோளில கிழிஞ்ச இடத்தை, பச்சை நூல் இல்லாம மஞ்சள் நூலால தைச்சுக் குடுத்தனான். அந்தத் தையல் அப்பிடியே கிடக்குது."

கோகுலன் அணைந்து கிடந்த திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்டைக்கு அவள் களைச்சு வந்து படுத்திட்டாள். நேற்றும் முந்தநாளும் ஓவர்டைம். இண்டைக்கு லீவு, குந்தியிருந்து எல்லாத்தையும் பாப்பாள். முந்தி வயித்தில தங்கினதும் நிலைக்கேல்லை தம்பி. இதுவும் போச்செண்டால் அவள் இருக்கமாட்டாள். எனக்கு அதை அழிக்கத் தெரியாது. அதுதான் முழுசாப் பழுதாக்கச் சொல்லிக் கேட்டனான்."

"ஆரும் போய் எங்கட ஆளெண்டு சொல்லாட்டி அங்கயே தாட்டுப்போடுவாங்களே அம்மா?"

"தெரியும்." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெத்த பிள்ளைக்கு ஒருபிடி மண் போடக் குடுத்துவைக்கேல்லை. வயித்தில கிடக்கிறதெண்டாலும் உயிரோட வரட்டும்."

அவன் கொம்பியூட்டரைப் போட்டான். பதிவுகள் திகதிப்படி வரிசையாக இருந்தன. புதன் இருந்தது. வெள்ளி இருந்தது. வியாழனைக் காணவில்லை.

"வியாழக்கிழமையான் பதிவாகேல்லை அம்மா. ஏதோ பிழை விட்டிருக்கு."

"மெய்யே தம்பி?"

"இதில இல்லை. நீங்களே பாருங்கோ."

அவளுக்கு அதில் என்ன விளங்கும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா காப்பாத்திப்போட்டா" என்றாள். எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனாள். குசினிக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அழுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தேத்தண்ணி வர, பிறின்சியும் வந்தாள். தலையில் போட்ட முக்காடு இன்னும் எடுக்கவில்லை. அவனைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"கொம்பியூட்டர் இரையுதெண்டு நான்தான் தம்பியைக் கூப்பிட்டனான் பிள்ளை" என்றாள் றஞ்சிதம். "இப்ப சரியாம். செய்தி தொடங்கப் போகுது, வந்து இரு. இண்டைக்கெண்டாலும் அவனைக் காட்டுவாங்கள்."

"ஓம் மாமி."

மாமியும் மருமகளும் கதிரைகளைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்கக் கோகுலனால் முடியவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, "வாறன் அம்மா" என்று வெளியே வந்தான்.

படலையைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பிறின்சி.

"அண்ணா, ஒரு பதிவை அழிச்சால் அதை ஆரும் திரும்ப எடுக்கேலுமோ?"

"எந்தப் பதிவு தங்கச்சி?"

"வியாழக்கிழமையான். மாமி நித்திரையான பிறகு எழும்பிப் பாத்தனான். நான்தான் அழிச்சனான்." உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமி நெஞ்சு வருத்தக்காறி. மகன் வருவானெண்டுதான் ஒருபிடி சோறெண்டாலும் தின்னுறா. அவவுக்குத் தெரியவே கூடாது."

கோகுலன் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து றஞ்சிதம் கூப்பிட்டாள்.

"பிள்ளை, கெதியா வா. பிடிபட்டவையைக் காட்டுறாங்கள்."

"வாறன் மாமி" என்று சொல்லி, முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிறின்சி உள்ளே போனாள்.