சிரிக்கிற படம்

குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் அப்பாவாக வந்து ஊரையே சிரிக்க வைத்த தணிகாசலம் காலமானதும், நடிகர் சங்கத் தலைவர் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரோடும் அதைவிட நீளமான இரங்கலுரையோடும் வந்து இறங்கினார். கூடத்தில் வைத்திருந்த படம் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா இது, ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி முறைக்கிறார்? அண்ணன் மக்களோட சொத்தும்மா. டிவிக்காரங்க வர்றாங்க, சிரிக்கிற படமா ஒண்ணு குடுங்க."

மனைவி லோகநாயகியும் மகள் சாருமதியும் பீரோவைக் குடைந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்தப் படத்திலும் அவர் பல் தெரியவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, டிவியில் அவரே சிரித்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுகிற வீடு அது. கடைசியில் பழைய தொடர் ஒன்றின் ஸ்டில் அகப்பட்டது. அதில் கண்கள் இடுங்க, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொடரில் மனைவியாக நடித்தவள். தெருமுனை ஸ்டுடியோவில் அவளை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் தோளில் கண்ணாடி வளையல் போட்ட அவள் கை மட்டும் மிச்சமிருந்தது.

தலைவர், "இல்லந்தோறும் சிரிப்பை விதைத்த இமயமே!" என்று தொடங்கியிருந்தார். சாருமதி தாயின் காதில், "அசிங்கமா இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல அந்தக் கையை எடுத்துடச் சொல்லவா?" என்றாள்.

லோகநாயகி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி. அதை எடுத்தா சிரிக்கிறதை நிறுத்திடுவார்."

பிறகு எழுந்து போய், அந்த விரல்களை மறைக்காதபடி மாலையைச் சற்று ஒதுக்கிப் போட்டாள்.