வாத்தின் தலை

ஹென்னிங்கை ஆனந்தராஜா கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கிழவர் தேவாலயத்துக்குள் முழங்காலில் நின்றார். கையில் சின்னக் கத்தி.

"நீ வெளியே போய்ப் படியைக் கூட்டு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஆனந்தராஜா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். கிழவர் குனிந்திருந்தது உடைந்த அந்த இருக்கைக்கு முன்னால்தான்.

டென்மார்க்கில் விபோர்க்குக்குப் பக்கத்துத் தேவாலயம் அது. ஹென்னிங் பொறுப்பாளர், ஆனந்தராஜா துப்புரவு வேலை. சாவி இவர்கள் இரண்டு பேரிடம் மட்டும். பாடகர் வரிசையில் மடித்துத் தூக்கும் மர இருக்கைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்நூறு வருசப் பகிடிச் செதுக்கல்: குழல் ஊதும் பன்றி, மருந்து கொடுக்கும் குரங்கு, அங்கி போட்டு ஆறு வாத்துகளுக்குப் பிரசங்கம் வைக்கும் நரி.

போன கிழமை ஆனந்தராஜா தூசி தட்டும்போது அந்த நரி இருக்கை கைநழுவி விழுந்தது. ஒரு வாத்தின் தலை காலடியில் கிடந்தது. சத்தமில்லாமல் ஒட்டிவிடலாம் என்று பொக்கற்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அங்கே வந்தது வினை. உடுப்புத் தோய்க்க எடுத்த மனைவி பரமேஸ்வரி அதைக் கண்டு, எண்ணெய் பூசி, குங்குமம் வைத்து, சாமித்தட்டில் ஏற்றிவிட்டாள்.

"இது வாத்தப்பா!"

"இருக்கட்டுமே. முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு எலி. அவையின்ர சாமிக்கு வாத்தாக்கும். கோயில்ல இருந்து வந்த சாமானைக் கீழ வைக்கலாமே?"

துடைக்கத் துடைக்கச் சிவப்பு மரத்துக்குள் இறங்கியது.

வியாழக்கிழமை பழைய செதுக்கல்களைப் பார்வையிட நூதனசாலையிலிருந்து ஆள் வருகிறது. கிழவர் கண்டுபிடித்துவிட்டார், காட்டிக் கொடுக்கப் போகிறார். வேலை போனால் ஐம்பத்தெட்டு வயதில் யார் எடுப்பார்கள்?

புதன்கிழமை விடிய ஹென்னிங் நித்திரையிலேயே போய்விட்டார்.

செய்தி கேட்டதும் ஆனந்தராஜாவுக்கு முதலில் வந்தது ஆறுதல். பிறகு அந்த ஆறுதலை நினைக்க நினைக்க இருப்புக் கொள்ளவில்லை.

வியாழன் காலை வாத்தின் தலையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நூதனசாலைப் பெண் அந்த இருக்கையில் கை வைத்ததுமே ஆனந்தராஜா சொல்லிவிட்டார்.

"உடைத்தது நான்தான்."

அவள் இருக்கையைத் தூக்கி டோர்ச் அடித்தாள். ஆறு வாத்துக்கும் ஆறு தலை. ஒன்று மட்டும் புது மரம்.

"ஹென்னிங் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாரே" என்று வாசித்தாள். "'என் கவனக்குறைவால் உடைந்தது. தலையும் தொலைந்தது. புதிதாகச் செதுக்கி வைத்தேன்.'"

"இல்லை, நான்தான். இதோ!"

கைலேஞ்சியை அவிழ்த்தார். எண்ணெய் மினுங்க, நெற்றியில் சிவப்புப் பொட்டோடு அது அவளைப் பார்த்தது.

அவள் சிரித்தாள். "நல்ல மனசு உங்களுக்கு. செத்தவரின் பழியைச் சுமக்க வந்திருக்கிறீர்கள். ஆனால் இது உங்கள் வீட்டுச் சாமி, எங்கள் வாத்தே இல்லை."

தலை இப்போதும் சாமித்தட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஆனந்தராஜாவே பொட்டு வைக்கிறார்.