குரங்கின் முதல் நிரல்

வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டுக் குகையின் வாசலில் குரங்கு ஒரு கணினியை வைத்திருந்தது. அதில் ஓடியது அது எழுதிய முதல் நிரல். உள்ளே வருபவர் தனக்கு எத்தனை கால் என்று தட்டினால்தான் கதவு திறக்கும். எலிகளும் முயல்களும் "4" என்று தட்டிவிட்டு உள்ளே போய்விட்டன.

மரவட்டை "நிறைய" என்று தட்டியது.

"தவறு. மீண்டும் முயல்க," என்றது கணினி.

"எக்கச்சக்கம்" என்று தட்டியது.

"தவறு. மீண்டும் முயல்க."

மரவட்டைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என்ன தவறுன்னு சொல்லித் தொலையேன்!"

குரங்கு சிரித்தது. "எண்ணாப் போடணும்க்கா. நிதானமா எண்ணிட்டு வாங்க."

"தண்ணி கழுத்துக்கு வந்தாச்சு. இப்ப உட்கார்ந்து காலை எண்ணவா?"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு நாகம் தலையை நீட்டி, மூக்காலேயே "4" என்று அழுத்தியது. "நல்வரவு," என்றது கணினி. கதவு திறந்தது.

"அடேய், அது பாம்புடா! அதுக்கு ஏதுடா காலு?" என்று மரவட்டை தொண்டை கிழியக் கத்தியது.

"எண்ணுதானே போட்டுச்சு!" என்றது குரங்கு.

உள்ளே எலிகள் அலறத் தொடங்கின. குரங்கு திரையைச் செல்லமாகத் தடவிக் கொடுத்தது. "பாத்தீங்களாக்கா, என் நிரல் ஒரு தடவைகூட நிக்கல."