குதிகால்

சிண்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ரத்தினம்மா குந்தியிருந்தாள்.

மாடியில் இரண்டு தூணுக்கு நடுவே பொருத்திய இரும்புக் குழாயில் மருமகள் சந்தியா தொங்கிக்கொண்டிருந்தாள். விடிந்து பத்து நிமிஷம்தான் இருக்கும்.

நாற்பத்தாறு நாள். சந்தியா கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து ரத்தினம்மா எண்ணி வருகிறாள். மருமகள் வாயைத் திறக்கவில்லை. மகன் திலீப்பிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து ஒன்று தங்கியிருக்கிறது. அதை எதற்கு மறைக்கிறாள்? கலைக்கப் பார்க்கிறாளா?

சந்தியா ஜிம்னாஸ்டிக்ஸில் மாநிலத்துக்கு ஆடியவள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போட்டியை விட்டுவிட்டாள். இப்போது திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். புத்தூரிலிருந்து ரயிலில் போய்வருகிறாள். கப்பு வாங்குவது நின்றாலும் குழாயை விடவில்லை. கேட்டால், "உடம்பு உட்டுப்போவும் அத்த" என்பாள்.

போட்டி இல்லாத உடம்பு யாருக்காக?

பக்கத்து வீட்டுத் தாட்சாயணி நேற்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வைத்துக் கேட்டாள்.

"இன்னாக்கா, உன் மருமவ இன்னும் வவ்வாலு மாதிரி தொங்கிக்கினு இருக்காளே. அது வயித்துல எது நிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினம்மா சிரிக்கவில்லை.

வேலை செய்தால் கலையாது. அது அவளுக்குத் தெரியும். திலீப் எட்டு மாதமாக வயிற்றில் இருந்தபோதும் மாங்காய் மண்டியில் கூடை தூக்கினாள். லாரி மேல் ஏறி நின்று லோடு அடுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

அவன் நடக்கும் முன்பே வயிற்றில் வந்த இன்னொன்றுதான் தங்கவில்லை. மண்டிச் சுமை என்று ஊர் சொன்னது. அவளும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் குழாயில் ஏறுவது வேலை இல்லை. ஏறி, உயரத்திலிருந்து குதிப்பது வேலையே இல்லை.

சந்தியா காலை மெல்ல ஆட்டினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. எப்போதும் போடுகிற சுற்றைப் போடவில்லை. பிடி தளர்ந்தது.

ரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்பாதம் முதலில் தரையைத் தொட்டது. முழங்கால் மடங்கியது. பிறகுதான் குதிகால். தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கா அசையக்கூட இல்லை.

மறுபடி ஏறினாள். மறுபடி அதே மாதிரி.

ரத்தினம்மா சத்தத்துக்குக் காத்திருந்தாள். மூன்றாம் தடவையும் சத்தம் வரவில்லை.

அவளுக்கு மூச்சு வந்தது. எழுந்தாள். முட்டி சொடுக்கியது.

சந்தியா திரும்பிப் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"ஒளிஞ்சிக்கினு பாக்கறீங்களா அத்த? சுத்தறத எல்லாம் நாள் தள்ளின அன்னிக்கே நிறுத்திட்டேன். ஸ்கேன் பாத்துட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"உன்னத் தப்பா நெனச்சிட்டேன்மா" என்றாள் ரத்தினம்மா. "இப்டி எறங்கினா ஒன்னும் ஆவாது. கலையணும்னா முட்டிய மடக்காம, குதிகால்ல உழணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

சந்தியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்த கையை எடுக்கவில்லை.

ரத்தினம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

தான் குதித்தது லாரி மேலிருந்து என்று அவள் சொல்லவில்லை. மூன்று தடவை என்றும் சொல்லவில்லை.